அத்தைக்கு எடுத்த இரண்டு கோடிப் புடவைகள்

"இன்னா விசேஷம்மா?" என்று கடைக்காரர் கேட்டபோது என் கை ஒரு பச்சைப் புடவையின் மேல் இருந்தது. கிளிப்பச்சை, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. திண்டிவனம் கடைத்தெருவில் அப்போதுதான் ஒவ்வொரு கடையாகத் திறந்துகொண்டிருந்தார்கள். வாசலில் தெளித்த தண்ணீர் காயவில்லை, ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. நான்தான் முதல் போணி. முதல் போணிக்கு வந்தவள் இதைச் சொல்வதா என்று தயங்கி, வேறு வழியில்லாமல் "கோடி" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் மனிதர் நல்லவர். "யாருக்கும்மா?" என்றார். அத்தைக்கு என்றேன். மாமா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்ப அரக்கு எடுங்க, இல்ல மஞ்ச எடுங்க. பச்சையெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்களே" என்றார். நான் பச்சையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால் அவள் பிறந்த வீட்டார் புதுப்புடவை ஒன்றை எடுத்துப்போய் உடல்மேல் போர்த்த வேண்டும். அதைத்தான் கோடி என்போம். நான் விடுமுறைக்குத் திண்டிவனம் வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று விடிந்ததும் செஞ்சிப் பக்கத்து வல்லத்திலிருந்து மாமா போன் செய்து, அத்தை போய்விட்டாள் என்றார். மார்வலி என்றாளாம், தண்ணீர் கேட்டாளாம், அவ்வளவுதான். நான் "நல்லா பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். "டாக்டரு வந்து பாத்து எழுதியே குடுத்துட்டாரும்மா" என்றார் அவர். "கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாரா?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல் என் வாயிலிருந்தே வந்ததும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் அத்தைக்கு இது இரண்டாவது கோடி. முதல் கோடியைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே கடைத்தெருவில் நான்தான் எடுத்தேன். அப்போது அத்தை உயிரோடு இருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வல்லத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு காணி நிலம், அதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும். அவளை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். பேச ஆரம்பித்தால் எதிராளி தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுத்த வாக்கியம். யார் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசிக் காட்டுவாள். பேருந்தில் அவள் ஏறினால் செஞ்சி வருவதற்குள் அந்த வண்டியில் பாதிப் பேருக்கு உறவாகிவிடுவாள். எனக்கும் அதே கால், ஓரிடத்தில் நிற்காது. "நீ என்னைக் கொண்டு பொறந்துட்ட பாப்பா, மாட்டிக்கினு முழி" என்பாள். அப்படிப்பட்டவள் அசையாமல் கிடந்தாள் என்பதை இப்போதும் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்துதான் இந்தப் பத்தியை முடிக்கிறேன்.

அந்த முதல் கோடி வருடம், மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருந்த சமயம். புழுக்கத்துக்கு அத்தை தரையில் படுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிசைகிறது என்றாள். பிறகு கண் சொக்குகிறது என்றாள். வேலை அலுப்பு என்று மாமா சுடுதண்ணீர் கொடுத்தார், விழுங்க முடியவில்லை. பேச்சு குழறி, கழுத்து தொங்கி, விழுப்புரத்துக்கு வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மூச்சு மேலே மேலே போய்விட்டது. தொண்டையில் குழாய் வைத்தார்கள். கட்டுவிரியனாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி, விஷமுறி மருந்தும் ஏற்றினார். நாங்கள்தான் நம்பவில்லை. பல் பட்ட தடம் எங்கேயும் இல்லை, வீக்கம் இல்லை, வலி என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாம்பு கடித்தால் தெரியாமலா போகும் என்று பேசிக்கொண்டோம். கட்டுவிரியன் அப்படித்தான் கடிக்கும், கடித்தது தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. சென்னையில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்பதே தெரியாத வயது அது.

மூச்சு மெஷின்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒன்று காலியாகும்வரை குழாயில் பொருத்திய ரப்பர் பையை நாங்களே மாறி மாறி அமுக்க வேண்டும். ஒரு அமுக்கு, ஒரு விடுப்பு. வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். குட்டையாக, மூக்குக் கண்ணாடியோடு, எப்போதும் யாரையாவது அதட்டிக்கொண்டு. அவர் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். பையைக் கையில் வாங்குகிறவர் முதலில் தன் பெயரையும் உறவையும் அத்தையின் காதருகே சொல்ல வேண்டும். "யார் கை அமுக்குதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? சொல்லிட்டு அமுக்குங்க" என்பார். அப்பா கூச்சத்தோடு "நான்தாம்மா, அண்ணன்" என்றார். மாமா பெயரைச் சொல்வதற்குள் அழுதார். எனக்கு அது மூடநம்பிக்கை மாதிரிப் பட்டது. சிஸ்டர் பார்க்கும்போது மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம். டாக்டர் வந்து பார்த்து, இன்னும் சில நாள் போகட்டும், எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நீ படிச்ச பொண்ணு, அவரு இன்னாதான் சொல்றாரு, நீ சொல்லும்மா" என்றார் மாமா. அப்போது பை என் கையில் இருந்தது. வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். அம்மாவை அத்தையின் இமையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். கண்மணி விரிந்து கிடந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. அடுத்த கண்ணும் அப்படியே. கண்மணி அசையாவிட்டால் மூளை போய்விட்டது என்று எங்கோ ஒரு பாடப் பக்கத்தில் படித்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கட்டிலுக்குக் குறுக்காக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அத்தை இப்ப இங்க இல்லப்பா. இது வெறும் ஒடம்புதான்."

அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் முதலில் கேட்டது கோடியைப் பற்றி. வெளியாட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அப்பாவுக்கு மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் இறந்தபோது எங்கள் வீட்டுக் கோடி போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். பிறந்த வீடு இல்லாதவள் மாதிரிப் போனாள் என்று சம்பந்தி வீட்டில் சொன்ன சொல் அப்பாவை வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது. "இவளுக்கும் அப்படி ஆவக்கூடாது. கோடி கையில இருக்கட்டும். நம்ம ஊர்லேர்ந்துதான் எடுக்கணும். நீ ஜல்தி திண்டிவனம் போய்ட்டு வந்துடு" என்றார். என்ன நிறம் என்ற பேச்சும் அந்தக் கட்டிலின் மேலேயே நடந்தது. அம்மா சொன்னாள், "பச்ச அவளுக்கு ஆகாது. அரக்கே எடுத்துடு, மஞ்ச பார்டர் போட்டதா." நான் பையை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். அம்மா சொன்னதையே எடுத்தேன். வழியெல்லாம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஆனால் அது எனக்கு ஒரு சாக்கு ஆகாது.

சாயங்காலம் துணிக்கடைப் பையோடு வார்டுக்குள் நுழைந்ததும் சிஸ்டர் பார்த்துவிட்டார். "இன்னா அது?" புடவை என்றேன். "யாருக்கு?" நான் கட்டிலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, அத்தையின் பாதங்களைப் பார்த்தபடி சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அம்மா, நான் சிஸ்டர் பேசறேன். நான் சொல்றது கேக்குதுன்னா கால் கட்டவெரல அசைங்க." ஒன்றும் நடக்கவில்லை. "அவசரமில்ல. மெதுவா அசைங்க." வலது காலின் கட்டைவிரல் ஒரு நூல் அளவு மடங்கியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். "இன்னொரு தபா" என்றார். மறுபடி மடங்கியது. அப்பா பையை அமுக்க மறந்து நிற்க, சிஸ்டர் "அமுக்குங்க!" என்று அப்போதுதான் கத்தினார். என் கையில் கோடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மெஷின் கிடைத்தது. எட்டாம் நாள் இமை திறந்தது, பிறகு விரல்கள், பிறகு கழுத்து. குழாயை எடுத்ததும் அத்தை பேசுவாள் என்று பயந்து நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். கோடியைப் பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்று வீட்டில் பேசிவைத்துக்கொண்டார்கள். அப்பா அதைப் பரணில் பழைய பாயின் பின்னால் ஒளித்தார். இரண்டு மாதம் கழித்து அத்தை திண்டிவனம் வந்தாள். நானும் விடுமுறைக்கு வந்திருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "அண்ணி, எனக்கு எடுத்த பொடவ எங்க? அரக்குல மஞ்ச பார்டரு" என்றாள். அம்மா கையிலிருந்த சொம்பை அப்படியே கீழே விட்டாள். "பொறந்த வூட்டு சீரு, வுட்டுடுவனா? எடுங்க" என்று அத்தை சிரித்தாள். பிறகு அம்மாவின் தொடையில் தட்டி, "எனக்கு அரக்கு புடிக்கவே புடிக்காது அண்ணி. பச்ச ஆகாதுன்னு ஒங்களுக்கு யார் சொன்னது? பச்ச, பச்சன்னு உள்ளயே கத்தறேன், ஒருத்தருக்கும் கேக்கல" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கோடியை அவள் கட்டினாள். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கே அதைக் கட்டிக்கொண்டு போனாள். போகிற இடமெல்லாம் அந்த எட்டு நாள் கதையைச் சொன்னாள், ஒவ்வொருவரும் அவள் தலைமாட்டில் பேசியதை அவரவர் குரலிலேயே. மாமா மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லையே என்று அழுதது. அப்பா "நான்தாம்மா, அண்ணன்" என்று வெட்கப்பட்டது. அம்மாவின் அரக்கு. பக்கத்துக் கட்டில்காரர் மகன் போனில் காதலியோடு சண்டை போட்டதுவரை எல்லாம் வரும். என் முறை மட்டும் வராது. மாமா கேட்டது வரும், "நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா" என்பதுவரை வரும். அடுத்து அப்பா கோடி கேட்டதற்குத் தாவிவிடுவாள். நடுவில் ஒரு பள்ளம். கேட்பவர்கள் யாரும் கவனித்ததில்லை. நான் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வருவதற்குக் காத்திருந்து, அவள் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். அவள் அதைக் கேட்கவே இல்லையோ? அந்த நேரம் மட்டும் தூங்கிப்போயிருந்தாளோ? இல்லை, கேட்டுவிட்டு வைத்திருக்கிறாளா? என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்து முடித்திருப்பேன். அவள் திட்டவில்லை. வழக்கம்போலத் தொடையில் தட்டி "சாப்ட்டியா பாப்பா" என்றாள். ஒரு மனுஷி இவ்வளவு பிரியமாக இருந்து இன்னொருத்தியை இப்படி அலைக்கழிக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

நான் பாம்பு நஞ்சுக்கு வந்து சேர்ந்தது இதனால்தான். நேர்காணலில் வேறு காரணம் சொன்னேன். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நரம்புக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற வாயில் ஒன்றின் வடிவத்தைப் பார்ப்பது எங்கள் வேலை. நரம்பு ஒரு சேதி அனுப்பும், வாயில் திறக்கும், உப்பின் மின்துகள்கள் உள்ளே பாயும், தசை அசையும். இமை தூக்குவதும் மூச்சு இழுப்பதும் இப்படித்தான். மின்சாரம் பாய்ச்சுகிற திருக்கை மீனின் உறுப்பிலிருந்து அந்த வாயிலைப் பிரித்தெடுத்து, கட்டுவிரியன் நஞ்சோடு கலந்து, நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கான மங்கல் படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் வடிவம் தெளியும். எங்களுக்கு முன்பே சிலர் இதைப் பார்த்து வரைந்துவிட்டார்கள். நாங்கள் செய்தது நம் ஊர்ப் பாம்பின் நஞ்சை வைத்து அதையே மறுபடியும் பார்த்தது. ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றால் நடுவில் ஒரு வழி இருக்குமே, அதுதான் வாயில். நஞ்சின் ஒவ்வொரு துகளுக்கும் விரல் மாதிரி மூன்று நீட்சி. நரம்பின் சேதி வந்து உட்கார வேண்டிய இரண்டு பள்ளங்களிலும் ஒவ்வொரு நஞ்சுத் துகள் வந்து, நடுவிரலை உள்ளே விட்டு உட்கார்ந்துகொள்கிறது. சேதி வந்து வந்து திரும்பிப் போகிறது.

திரையில் அது முதன்முதலில் தெளிந்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் வராந்தாவில் போய் நடந்தேன். அந்த நஞ்சு தசைப் பக்கத்து வாயிலைத்தான் அடைக்கிறது. மூளைக்குள் அது போவதில்லை. காதை அது தொடுவதில்லை. இதெல்லாம் எனக்குப் பாடமாக முன்பே தெரியும். ஆனாலும் அந்த விரல் அந்தப் பள்ளத்தில் கிடப்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான், அத்தை முழுசாக விழித்துக்கொண்டு கிடந்த மதியம் எனக்குத் தெரிந்தது. கண்மணி ஏன் அசையவில்லை என்பதற்கு இந்தப் படத்தில் பதில் இல்லை. கட்டுவிரியன் விஷத்தில் நரம்பு முனையையே கெடுக்கிற வேறு சரக்கும் உண்டு, அது அதன் வேலை. ஆக, நான் டார்ச் அடித்துப் பார்த்தது பாம்பைத்தான், அத்தையை இல்லை.

போன வருடம் பொங்கல் முடிந்து வல்லத்துக்குப் போனேன். அத்தை களத்தில் மல்லாட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துவந்து உட்காரவைத்து மடிக்கணினியைத் திறந்தேன். ஐந்தையும் காட்டினேன், மூன்று விரலையும் காட்டினேன். "இதுதான் என்னைப் படுக்கப் போட்டதா? கையி மாரி இல்ல இருக்குது" என்றாள். இமை ஏன் திறக்கவில்லை, மூச்சு ஏன் நின்றது, காது ஏன் கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தை அதிசயமாக எழுந்திருக்காமல் கேட்டாள். "அப்ப நான் உள்ளதான் இருந்தேன்னு இதுல தெரியுது?" என்றாள்.

"தெரியுது அத்தை."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் திரையைக் கிட்டே இழுத்து ஒருமுறை பார்த்தாள். "ஒன் டார்ச்சுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள்.

பதினோரு வருடம் கழித்து வந்த சொல். நான் அழுத அழுகையைப் பார்த்து, களத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். அவர்களை அத்தை விரட்டினாள். ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "இன்னான்னு சொல்றது? நீ சொன்னது கேட்டுது. கேட்டதும் ஈரக்கொல நடுங்கிப்போச்சு. சரி, இதோட பைய வுட்டுடுவா, முடிஞ்சுதுன்னு பாத்துக்கினே இருக்கறேன். நீ வுடல. வெறும் ஒடம்புன்னு வாயி சொல்லுது, கையி அமுக்கிக்கினே இருக்குது. ஒன் வாயி சொன்னத ஒன் கையி கேக்கல பாப்பா. இத ஊர்ல போயி நான் எப்படி நடிச்சுக் காட்றது?" என்றாள். தொடையில் ஒரு தட்டு. பிறகு மல்லாட்டை காய்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மாமா போன் செய்த அன்று, கடைக்காரர் பச்சைப் புடவையை இரண்டு தடவை யோசித்துத்தான் மடித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு இப்போது நடக்க முடியாது, காரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையைத் திறந்து நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வல்லத்தில் எங்கள் கோடிதான் முதலில் போய்ச் சேர்ந்தது. அத்தையை வடக்கு தெற்காகக் கிடத்தி, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் கட்டுவதுதான். எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

"அத கொஞ்சம் அவுக்கணும்" என்றேன். ஒரு பெரியவர், "இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு" என்றார். மாமா மட்டும் எழுந்து வந்து, குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பறை அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னார். நான் அத்தையின் காதருகே போனேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சிஸ்டருக்காக மட்டும் சொன்னதை இப்போது எனக்காகச் சொன்னேன். பெயரைச் சொன்னேன். "ஒங்க அண்ணன் பொண்ணு. பச்ச எடுத்துக்கினு வந்திருக்கறேன். கேக்குதுன்னா கட்டவெரல அசைங்க."

கால்மாட்டுக்கு வந்து நின்றேன். என் வாழ்க்கையில் சில நிமிடங்கள் நான் கால் மாற்றாமல் நின்றது அப்போதுதான். விரல் அசையவில்லை. அவசரமில்லை என்று இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு நானே உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து, இறுக்காமல் கட்டிவிட்டு, பச்சைப் புடவையைப் பிரித்துப் போர்த்தினேன்.